கம்பியில் குத்திய கடுதாசிகள்

ராஜாக்களோட சரித்திரம் கல்வெட்டில் இருக்கு. ஜமீன்தார்களோட சரித்திரம் கச்சேரிக் கட்டுகளில் இருக்கு. சம்சாரியோட சரித்திரம் எங்கே இருக்கு? என்னைக் கேட்டால், பழைய வீடுகளில் தொங்கும் கடுதாசிக் கம்பியில் இருக்குன்னு சொல்வேன்.

நகரத்தில் வளர்ந்தவங்க அந்தக் கம்பியைப் பார்த்திருக்க மாட்டீங்க. மேல் நுனியைக் கொக்கி மாதிரி வளைத்த நீளக் கம்பி. அடியில் கடுதாசி நழுவாமல் இருக்க ஒரு சின்னக் கட்டை. படிச்சு முடிச்ச கடுதாசியை அதில் குத்திவிடுவாங்க. பழசு அடியில், புதுசு மேலே. கீழேயிருந்து எடுத்துப் படிச்சுக்கிட்டே வந்தால் ஒரு குடும்பத்தோட இருபது முப்பது வருஷம் வரிசையாகக் கிடைச்சிரும்.

ஏழை எளியவங்க கைக்குக் கடுதாசி எட்டியதற்கு ஒரு காரணம் இருக்கு. 1854-க்கு முன்னால் தபால் கட்டணம் தூரத்துக்குத் தக்கபடி ஏறும். அந்த வருஷச் சட்டம்தான் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் என்று ஆக்கி, தபால்தலையையும் கொண்டுவந்தது. 1879-ல் காலணாவுக்குக் கார்டு வந்தது. அடுத்த வருஷமே மணியார்டர். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-ல் இன்லண்ட் லெட்டர். 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு. தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் கதை வேறு. அது திருவிதாங்கூராக இருந்த காலத்தில் ராஜாங்கத்துக்குச் சொந்தமாகவே 'அஞ்சல்' இருந்தது. மணி கட்டிய கோலோடு அஞ்சல்காரர் ஓடுவார். 1951-ல்தான் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது.

ஆனால் எழுதத் தெரிந்தவங்க எத்தனை பேர்? 1951 கணக்கெடுப்பில் நாட்டில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுத்து தெரியும். அதனால் கிராமத்துக் கடுதாசி பெரும்பாலும் ரெண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. ஒருத்தர் சொல்ல, ஒருத்தர் எழுதணும். வாத்தியாரோ, தபால்காரரோ, எட்டாவது படிச்ச பையனோ எழுதுவான். வந்த கடுதாசியை உரக்கப் படிச்சுக் காட்டவும் ஆள் வேணும். மருமகளுக்கு அம்மா வீட்டிலிருந்து வரும் கடுதாசியை மாமியார் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் படிக்கணும். ரகசியம் எங்கே இருக்கும்? காலனிக்காரங்களுக்கு வந்த கடுதாசி அவங்க கைக்குப் போய்ச் சேராமல் ஊர்க் கடையிலேயே கிடந்த கதையையும் எங்க பக்கத்துப் பெரியவங்க சொல்வாங்க. அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரலை.

எழுதும் முறைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. மேலே பிள்ளையார் சுழி. வலது பக்கம் ஊரும் தேதியும். சின்னவங்களுக்கு 'சிரஞ்சீவி', 'அநேக ஆசீர்வாதம்'. பெரியவங்களுக்கு 'நமஸ்காரம்'. 'இங்கு அனைவரும் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல்' என்ற வரி இல்லாமல் எதுவும் தொடங்காது. அதற்குப் பிறகு 'இப்பவும்' என்று ஒரு சொல். விஷயம் அங்கேதான் ஆரம்பம். கல்யாணக் கடுதாசி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள். சாவுச் செய்தி என்றால் மூலையில் கறுப்பு மை. அதை வாசலிலேயே படிச்சுக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் உள்ளே வருவாங்க. கம்பிக்கு அது ஏறாது. தந்திக்குக் காசில்லாதவர் கார்டிலேயே 'இதைத் தந்தி போல் பாவித்து உடனே புறப்பட்டு வரவும்' என்று எழுதுவார். அந்த ஒரு வரியில் அவசரமும் தெரியும், வறுமையும் தெரியும்.

இனி உள்ளே என்ன இருக்கும் என்று பாருங்க. 'இங்கே ரெண்டு உழவு மழை. பருத்தி விதைச்சாச்சு. மயிலைக் காளைக்குக் கால் சரியில்லை. சொசைட்டிக் கடனுக்கு நோட்டீஸ் வந்தது. தங்கச்சி வயசுக்கு வந்துட்டா, மாமன் சீர் எப்போ கொண்டுவர்றீங்க.' இந்த மாதிரிதான். எழுதினவருக்கு அது வெறும் குடும்பச் சங்கதி. இன்றைக்கு நமக்கு அதில் அந்த வருஷத்து மழை, என்ன விதை, என்ன விலை, எவ்வளவு கடன், யார் ஊரை விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் இருக்கு. எந்தக் கெஜட்டிலும் இப்படிக் கிடைக்காது. தாலுகா முழுவதற்கும் சராசரி மழை எவ்வளவு என்று ஆபீஸில் எழுதி வைத்திருப்பாங்க. நம்ம ஓடைக்குத் தெற்கே இருக்கும் புஞ்சையில் பெய்ததா இல்லையா என்று கடுதாசிதான் சொல்லும்.

மணியார்டர் பாரத்தின் அடியில் செய்தி எழுத ஒரு துண்டு இடம் இருக்கும். வெளியூர் போன பிள்ளை அதில் ரெண்டு வரி எழுதுவான். பணத்தை எண்ணி வாங்கிக்கிட்டு, அந்தத் துண்டை மட்டும் தனியாக மடித்து வைத்த தாய்மார் எத்தனையோ பேர். பணம் செலவாகிப் போயிரும், அந்த ரெண்டு வரி பெட்டியில் இருக்கும்.

கடுதாசியைப் பத்திரப்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்க கரிசல் மண்ணே சாட்சி. கோவில்பட்டிக்குப் பக்கம் இடைசெவல். கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் அந்த ஊர்க்காரங்க, சேக்காளிகள். ஒருத்தர் சென்னை, மலேயா என்று பத்திரிகை வேலைக்குப் போனார். இன்னொருத்தர் ஊரில் சம்சாரியாக இருந்தார். அழகிரிசாமி 1970-ல் காலமாகிவிட்டார். அவர் கி.ரா.வுக்கு எழுதின கடிதங்கள் இன்றைக்குப் புத்தகமாக இருக்கு. வாங்கினவர் வைத்திருந்தார், அதனால் நமக்குக் கிடைச்சது. உ.வே.சாமிநாதையர் தனக்கு வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்ததால்தான், ஏடு தேடி அச்சேற்றின காலத்தில் யார் யார் அவருக்கு என்ன எழுதினார்கள் என்று தெரியுது.

கடுதாசியைக் கொன்றது வாட்ஸ்அப் என்று சொல்றாங்க. அது சரியில்லை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் முக்குக்கு முக்கு வந்த எஸ்.டி.டி. பூத்துதான் முதல் அடி. 'நலம், நலமறிய ஆவல்' எல்லாம் மீட்டர் ஓடுறதைப் பார்த்துக்கிட்டே மூணு நிமிஷத்தில் முடிஞ்சது. பேசினது எதுவும் மிஞ்சவில்லை. பிறகு செல்போன். 2013 ஜூலையில் தந்தியையும் நிறுத்திட்டாங்க.

வாட்ஸ்அப்பால் எனக்குப் பிரயோஜனம் உண்டு, மறைக்கலை. சந்தை விலை காலையிலேயே வந்துருது. பூச்சி விழுந்த இலையைப் படம் பிடித்து அனுப்பினால் மதியத்துக்குள் மருந்து பெயர் வந்துருது. கார்டு போட்டுப் பதில் வர்றதுக்குள் பயிரே போயிருக்கும். வேகத்தில் குறை சொல்ல முடியாது. மிச்சம் என்ன என்பதுதான் கேள்வி. போன வருஷம் எந்தத் தேதியில் முதல் மழை என்று மகனுக்கு அனுப்பினோமோ அது போனை மாற்றினதும் போச்சு. ஆயிரம் 'குட் மார்னிங்' படத்துக்கு நடுவில் புதைஞ்ச செய்தியை யார் தோண்டி எடுப்பாங்க? போன தலைமுறையோட கஷ்டநஷ்டம் கம்பியில் இருக்கு. நம்ம தலைமுறையோடது எதில் இருக்கும்?

அந்தக் கம்பிகளும் இப்போ வேகமாகப் போயிட்டிருக்கு. ஓட்டு வீட்டை இடித்துக் காங்கிரீட் போடும்போது முதலில் பழைய பேப்பர்காரருக்குப் போறது அதுதான். எடைக்கு எடை, நாலு கிலோ தேறினால் அதிகம்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பரண் மேலும் டிரங்குப் பெட்டியிலும் பாருங்க. கடுதாசி கிடைத்தால் துருப்பிடித்த கம்பியிலிருந்து மெதுவாக உருவி எடுங்க. ரெண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்க. முக்கியமாக, அம்மாவோ பெரியப்பாவோ உயிரோடு இருக்கும்போதே யார் எழுதினது, யாருக்கு, 'மயிலைக்காளை' எப்போ வாங்கினது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்க. எழுத்து மிஞ்சினாலும் உறவுமுறை தெரிந்த ஆள் மிஞ்சமாட்டாங்க.

இன்னொன்று. நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் தபாலாபீஸ் இருக்கு. பத்தில் ஒன்பது கிராமத்தில்தான். கார்டு விலை இன்னும் ஐம்பது பைசா. ஊரில் இருக்கும் அப்பாவுக்கு ஒண்ணு எழுதிப் போடுங்க. 'இங்கு நலம்' என்று தொடங்கி, 'அங்கே மழை உண்டா' என்று கேளுங்க. பதில் வந்தால் தேதியைப் பார்த்துக் கம்பியில் குத்துங்க.