ஹால்மார்க்: எந்த ஹால், யாருடைய மார்க்?

நகை வாங்கப் போகும் எவரும் இன்று தவறாமல் கேட்கும் சொல் 'ஹால்மார்க்'. அதிலுள்ள 'ஹால்' ஒரு குறிப்பிட்ட கட்டடம். லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தை அடுத்த ஃபாஸ்டர் லேன் தெருவில் கோல்ட்ஸ்மித்ஸ் ஹால் என்னும் பொற்கொல்லர் சங்க மாளிகை இருக்கிறது. அந்த மனை 1339 முதல் சங்கத்துக்குச் சொந்தம். இப்போது நிற்கும் கட்டடம் 1835இல் திறக்கப்பட்டது. அந்த ஹாலில் அடித்த மார்க்தான் ஹால்மார்க்.

ஆனால் முத்திரை அந்தச் சொல்லைவிட மூத்தது. 1300இல் முதலாம் எட்வர்ட் மன்னர் ஒரு சட்டம் இயற்றினார். வெள்ளிச் சாமான், நாணய வெள்ளிக்குத் தரத்தில் குறையக்கூடாது. அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி இருக்க வேண்டும். சங்கக் காவலர்கள் கடை கடையாகப் போய்ச் சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை இட்டார்கள். (பெயர்தான் சிறுத்தை, நேரே நம்மைப் பார்க்கும் சிங்க முகம் அது.) தங்கத்துக்கு அதே சட்டம் வைத்த அளவுகோல் 'பாரிஸ் டச்'. உரைகல்லில் உரைப்பதுதான் இந்த 'டச்'. போகப்போகச் சோதனை, தரம், முத்திரை மூன்றுக்குமே அந்தப் பெயர் ஆகிவந்தது. நம் பொற்கொல்லர்கள் 'மாற்று' என்று எண்ணிய தூய்மையைச் சேலத்துக் கொலுசு வணிகத்தில் இன்று 'டச்' கணக்கில்தான் பேசுகிறார்கள். ஹால்மார்க்குக்கு முந்திய சொல் அது.

வெள்ளிக்கு உரைகல் மட்டும் போதாது. அதனால் சாமானிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து, ஈயத்தோடு சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உலையில் உருக்குவார்கள். ஈயமும் செம்பும் கிண்ணத்தில் இறங்கிவிடும். தூய வெள்ளி மணியாக மேலே நிற்கும். முன் எடையையும் பின் எடையையும் ஒப்பிட்டால் கலப்பு தெரிந்துவிடும். இந்த வேலையைக் கடைவாசலில் செய்ய முடியாது. 1478இல் சங்கம் சம்பளத்துக்கு ஒரு சோதனையாளரை அமர்த்தி, பொருள்கள் எல்லாம் ஹாலுக்கே வர வேண்டும் என்றது. ஹாலும் மார்க்கும் சேர்ந்தது அப்போதுதான். ஆனால் 'ஹால்மார்க்' என்னும் கூட்டுச்சொல் 18ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது.

பழைய வெள்ளியைத் திருப்பிப் பார்க்கிறவர்களுக்கு இந்த முத்திரைகள் வரலாற்று ஆவணங்கள். அவை பிறந்த காரணமோ வேறு: தவறு நேர்ந்தால் பொறுப்பாளியைப் பிடிப்பது. 1363இல் ஒவ்வொரு கொல்லரும் தனக்கென ஒரு குறி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மாற்றுக் குறைந்த பொருளைச் செய்தவர் யாரென்று தெரிய வேண்டுமல்லவா? 1478இல் ஆண்டெழுத்து வந்தது. எந்த ஆண்டுக் காவலரின் பொறுப்பில் அது தப்பிப்போனது என்பதை அந்த எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். என்னைக் கேட்டால், இந்த முறை 700 ஆண்டுகளைத் தாண்டியதற்கே இதுதான் காரணம். அதில் செய்தவரும் சோதித்தவரும் வேறு வேறு ஆட்கள். இருவருமே பதில் சொல்லியாக வேண்டியவர்கள்.

லண்டன் ஆண்டெழுத்து, 1974 வரை, 'ஜே' நீங்கலாக 'ஏ' முதல் 'யு' வரை 20 எழுத்துகள் கொண்ட சுழற்சியாக இருந்தது. ஒரு சுற்று முடிந்தால் எழுத்தின் வடிவமோ அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவமோ மாறும். இதில் ஒரு பொறி உண்டு. 1776க்கும் 1816க்கும் ஒரே மாதிரியான சிறிய 'ஏ'தான். எப்படிப் பிரிப்பது? 1784இல் வெள்ளிக்கு மீண்டும் வரி வந்தபோது, வரி கட்டியதற்கு அடையாளமாக மன்னர் தலை முத்திரை சேர்ந்தது. தலை இல்லையென்றால் 1776; இருந்தால் 1816. பக்கத்தில் 'எச்.பி.' என்ற சாய்வெழுத்தும் இருந்தால் ஐயமே வேண்டாம், 1776தான். அது ஹெஸ்டர் பேட்மேன் என்னும் பெண்மணியின் குறி. கணவர் இறந்தபின் பட்டறையை ஏற்று, 1761இல் அந்தக் குறியைப் பதிவு செய்தார், 1794இல் மறைந்தார். ஒரு முத்திரையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கு இதுவே சான்று.

ஏமாற்றும் கூடவே வளர்ந்தது. 1720இல் அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி விதித்தார்கள். சிலர் ஒரு சிறு பொருளுக்கு மட்டும் முத்திரை வாங்கி, அந்தத் துண்டை வெட்டிக் கனமான பாத்திரத்தின் அடியில் பற்றவைத்தார்கள். இன்றும் அறிந்தவர்கள் முத்திரையைச் சுற்றி வாயால் ஊதிப் பார்ப்பார்கள். மூச்சின் ஈரம் படிந்ததும் பற்றவைத்த கோடு தெரிந்துவிடும். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கள்ள முத்திரைக்கு மரண தண்டனையே இருந்தது.

இன்னொரு பொறி 'ஈ.பி.என்.எஸ்.' எழுத்துகள். தனித்தனிக் கேடயத்துக்குள் அடித்திருப்பதால் ஹால்மார்க் போலவே தோன்றும். உள்ளே நிக்கல் கலவை. மேலே வெள்ளிப் பூச்சு மட்டும்.

நம் ஊரில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், சென்னை மவுண்ட் ரோட்டில் பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் தெய்வ உருவங்கள் புடைத்த 'சுவாமி' வெள்ளிச் சாமான்களை ஆங்கிலேயருக்கு விற்றன. அவற்றில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். லண்டன் சிறுத்தைத் தலை இருக்காது. சோதித்துச் சான்று தர அன்று இந்தியாவில் ஹால் எதுவும் இல்லை. பெயர் மட்டுமே உறுதி. 2000இல்தான் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரை தங்கத்துக்கு வந்தது. அதிலும் தொடக்கத்தில் ஆண்டெழுத்து இருந்தது, 2000க்கு 'ஏ'. இப்போது அந்த எழுத்து இல்லை. ஒவ்வொரு நகைக்கும் தனியாக, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க எச்.யு.ஐ.டி. குறியீடு தருகிறார்கள். அதைக் கொண்டு விற்றவரையும் சோதித்த மையத்தையும் கண்டுபிடிக்கலாம்.

வீட்டுப் பழைய வெள்ளியைப் புதுக் கொலுசுக்காக எடைக்குப் போட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் அடிப்பக்கத்தையும் கைப்பிடியின் உட்புறத்தையும் உருப்பெருக்கியால் பாருங்கள். முத்திரை இருந்தால் அதன்மேல் தேய்க்காதீர்கள்; படமெடுத்து வையுங்கள். உருக்கிய வெள்ளியில் முத்திரை இருக்காது.