கலைக்கூடத்துச் சிலையும் கல்வெட்டுச் சேரியும்

தஞ்சாவூர் அரண்மனை நாயக்கர்கள் கட்டி, மராட்டியர்கள் விரிவாக்கியது. 1951இல் அதன் ஒரு பகுதி கலைக்கூடமானது. இன்று யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளை ஒரு கை தூரத்தில் நின்று பார்க்கலாம். திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த ரிஷபவாகன தேவர் அங்கேதான் இருக்கிறார். காலம் 1011. பக்கத்தில் இருந்த காளை இப்போது இல்லை. அதன்மேல் ஊன்றியிருந்த கை மட்டும் அப்படியே நிற்கிறது.

இதைச் சோழர் கலையின் உச்சம் என்கிறார்கள். நாமும் மறுக்கவில்லை. ஆனால் இவை வெறும் கலைப்பொருளாகச் செய்யப்பட்டவை அல்ல. திருவிழாவில் தெருவில் உலா வருவதற்கான உற்சவ மூர்த்திகள். எந்தத் தெருவில் என்ற கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

அதே காலத்துப் பதில் ஒன்று பக்கத்திலேயே உண்டு. அரண்மனையிலிருந்து பெரிய கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். கோயிலுக்கு வரி செலுத்த வேண்டிய ஊர்களை இராசராசன் கல்லில் பொறித்து வைத்திருக்கிறான். ஒவ்வோர் ஊரிலும் வரியில்லா நிலம் எது என்ற பட்டியலும் அதில் வருகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணசேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் இருக்கின்றன.

தோழர்களே, இந்தக் கல்வெட்டை நிதானமாகப் படிப்போம். அந்தச் சேரிகளில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அது சொல்லவில்லை. இன்றைய தீண்டாமையை அப்படியே ஆயிரம் ஆண்டு பின்னால் கொண்டுபோய் ஒட்டிவிடவும் கூடாது. ஆனால் இரண்டு விஷயங்கள் உறுதி. ஊர் வேறு, சேரி வேறு என்று நிலம் அளந்து பிரிக்கப்பட்டிருந்தது. 'தீண்டா' என்ற சொல் அரசு ஆவணத்திலேயே இருந்தது. கம்மாளர் குடியிருப்பும் ஊர்நத்தத்திலிருந்து தனியாகத்தான் குறிக்கப்பட்டது. உலோக வேலை செய்தவர்கள் கம்மாளர்கள்.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 1939இல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவு. 1947இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம். 1950இல் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு. அதற்கு அடுத்த ஆண்டுதான் இந்தக் கலைக்கூடம். அந்தச் சட்டங்கள் வந்த பிறகும், 1990களின் இறுதியில் கண்டதேவித் தேரின் வடம் பிடிக்கும் உரிமைக்காக நம் மக்கள் போராடி, நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

ஆகவே, கலைக்கூடத்தின் கதவு தானாகத் திறந்ததில்லை. அரசனின் மண்டபத்துக்குள் செருப்போடு நடந்து, சாமியை நேருக்கு நேர் பார்க்க முடிவது நம் முன்னோர் போராடிப் பெற்ற உரிமையின் ஒரு பகுதி. சிலையின் பெயரும் ஊரும் நூற்றாண்டும் மட்டும் வரலாறாகிவிடாது. வார்த்த கைகள் யாருடையவை, வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்பதும் அதில் சேர வேண்டும்.

தஞ்சைக்குப் போகும் மாணவர்கள் இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பாருங்கள். முதலில் கலைக்கூடம், பிறகு பெரிய கோயிலின் கல்வெட்டுகள். உங்கள் ஊரில் உற்சவர் எந்தத் தெரு முனையில் திரும்பிப் போகிறார் என்பதையும் எழுதி வையுங்கள்.