கடிதம் சுமந்த விமானி

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்களுக்குக் கடிதத்தின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து வரும் ஓர் உறைக்காகத் தபால்காரர் வரும் வழி பார்த்திருந்த நாட்கள் பலருக்கும் நினைவிருக்கும். தென்னாட்டுக்கு முதன்முதலில் ஆகாய மார்க்கமாகக் கடிதம் கொண்டுவந்த விமானி, பின்னர் போர்க்காலத்தில் ஒரு குண்டுவீச்சு விமானத்திலேயே உயிர் நீத்தார். நெவில் வின்சென்ட் என்பது அவர் பெயர்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த வின்சென்ட், பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து ஈராக்கில் பணிபுரிந்து வீர விருது பெற்றவர். 1920-களின் இறுதியில் நியூவல் என்னும் நண்பருடன் இந்தியாவுக்கு வந்தார். அவர்கள் ஓட்டிவந்தவை டி ஹாவிலண்ட் 9 வகை விமானங்கள். முதல் உலகப் போரில் குண்டு வீசுவதற்கென்றே அமைக்கப்பட்ட வகை. அவற்றில் கட்டணத்துக்கு மக்களை ஏற்றி, வானிலிருந்து பூமியைக் காட்டினார்கள். அழிவுக்கென்று பிறந்த இயந்திரம் இவ்வாறு ஆக்கத்துக்குத் திரும்பியது.

அக்காலத்தில் லண்டனிலிருந்து விமானத்தில் கராச்சி வந்து சேரும் தபால், தெற்கே வருவதற்கு ரயிலையே நம்பியிருந்தது. இக்குறையைத் தீர்க்கும் திட்டத்தை வின்சென்ட் ஜே. ஆர். டி. டாடாவிடம் கொண்டுசென்றார். 1932 அக்டோபர் 15-ஆம் நாள் டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் வரை தபாலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து வின்சென்ட் அதனை ஏற்றுக்கொண்டு, பெல்லாரியில் இராத் தங்கி, மறுநாள் சென்னை சேர்ந்தார். ஒற்றை எஞ்சின் கொண்ட அந்தச் சிறு விமானத்தில் வானொலிக் கருவியும் கிடையாது.

மூன்று ஆண்டுகளில் இச்சேவை திருவிதாங்கூரையும் எட்டியது. மணி கட்டிய கோலுடன் ஓட்டக்காரர்கள் சுமந்து சென்ற ‘அஞ்சல்’ என்னும் தனித் தபால் முறை அச்சமஸ்தானத்தில் வழங்கிவந்தது. கர்னல் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் திருவனந்தபுரத்தில் சங்குமுகம் கடற்கரையருகே விமானத் தளம் அமைந்தது. அங்கு முதலில் வந்திறங்கிய டாடா விமானத்தை ஓட்டியவர் வின்சென்டே. 1935 நவம்பர் 1-ஆம் நாள் திருவிதாங்கூர் அஞ்சல் பைகள் பம்பாய்க்கு வானில் புறப்பட்டன. ஓட்டக்காரரின் கால்கள் சுமந்ததை இறக்கைகள் ஏற்றுக்கொண்டன.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. புனாவில் விமானத் தொழிற்சாலை ஒன்றை நிறுவும் திட்டத்துடன் வின்சென்ட் இங்கிலாந்து சென்றார். 1942 ஜனவரியில் விரைந்து இந்தியா திரும்ப விரும்பி, ஹட்சன் என்னும் குண்டுவீச்சு விமானத்தில் இடம் பெற்றுப் புறப்பட்டார். அவ்விமானம் இந்தியா வந்து சேரவில்லை. பிரான்சுக் கரைக்கு அப்பால் பகைவரால் சுட்டு வீழ்த்தப்பட்டதென்பர்.

டாடா விமான நிறுவனம் 1946-இல் ஏர் இந்தியா எனப் பெயர் பெற்றது. திருவனந்தபுரத்துத் தளம் 1991-இல் சர்வதேச விமான நிலையமாயிற்று. டாடாவின் பெயரை நாடறியும். அவரோடு தோள் கொடுத்து நின்ற வின்சென்டின் பெயரைச் சிலரே அறிவர்.

போரில் மாண்ட விமானிகளை அவர்கள் வீழ்த்திய இலக்குகளைக் கொண்டு மட்டும் எண்ணுவது நீதியாகாது. அவர்கள் வாழ்ந்திருந்தால் செய்திருக்கக்கூடிய பணிகளையும் எண்ண வேண்டும். குண்டுக்கு மாற்றாகக் கடிதம் சுமந்த ஒருவரைப் போர் பறித்துக்கொண்டது. விடுமுறைக்கு ஊர் திரும்பும் அன்பர்கள் சங்குமுகத்தருகே விமானத்திலிருந்து இறங்கும்பொழுது, அந்த மண்ணில் முதலில் வந்திறங்கியவரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.