விசைப்பலகை தனியே பிரிந்த கதை

டேப்லெட்டோடு ஒட்டிக்கொள்ளும் விசைப்பலகை ஒருநாள் திடீரென்று ஊமையாகிவிட்டால், நம் வயதுக்காரர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். எல்லா விசைகளையும் கோபத்தோடு தட்டிப் பார்ப்பார்கள். இல்லையென்றால், "நமக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று சொல்லி அலமாரியில் வைத்து மூடிவிடுவார்கள். முதலாவதால் பெரிய சேதம் இல்லை. இரண்டாவதுதான் எனக்குக் கவலை. அலமாரிக்குள் போவது விசைப்பலகை மட்டும் அல்ல, அவர் எழுதிக்கொண்டிருந்ததும் சேர்ந்தே போய்விடுகிறது.

நான் பொறியியல் படித்தவன் அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் விசைப்பலகையின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், பழுது எங்கே ஒளிந்திருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். அதனால் இன்று அந்த வரலாறு.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் இருந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்ற பத்திரிகைக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய தட்டச்சுப் பொறியை, 1874இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. அந்தப் பொறியில் விசை வேறு, எழுத்து வேறு என்ற பேச்சே கிடையாது. விரல் விசையை அழுத்தும், விசை நெம்புகோலை இழுக்கும், நெம்புகோல் முனையில் இருக்கும் எழுத்து நாடா வழியாகக் காகிதத்தில் அடிக்கும். விரலில் இருந்து காகிதம் வரை ஒரே இரும்புத் தொடர். எது சிக்கினாலும் கண்ணுக்குத் தெரியும். இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டால் விரலாலேயே பிரித்துவிடுவோம். 'e' எழுத்தின் வயிற்றில் மை அடைத்தால் பழைய பிரஷ் போதும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன தட்டச்சுப் பொறிகள் சில இன்னும் பதிவறை மூலையில் இருந்தன. நிர்வாகம் 1954 நவம்பர் 1இல் இந்தியாவிடம் வந்தது; சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது. பொறிகள் மட்டும் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்தன! ஆங்கிலப் பொறியில் 'Q' இருக்கும் இடத்தில் அவற்றில் 'A' இருக்கும், 'W' இருக்கும் இடத்தில் 'Z' இருக்கும். எண்களை அடிக்க வேண்டுமென்றால் ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய 'தக்திலோ'க்கள், அதாவது தட்டச்சர்கள், ஆங்கிலப் பொறிக்கு மாறியபோது பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் நான். பொறியில் பழுதே இல்லாமல் தப்பாக எழுத்து விழும் என்று அன்றே கற்றுக்கொண்டேன். அது பின்னால் உதவியது.

தமிழுக்கு இதைவிடப் பெரிய சிக்கல். 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளில் எப்படி அடக்குவது? யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் வாழ்ந்த ஆர். முத்தையா இதற்கு வழி கண்டார். 1930களில் ஜெர்மனியில் செய்யப்பட்டு வந்த அவருடைய தமிழ்ப் பொறியில் 'நகரா விசை' என்ற உத்தி இருந்தது. புள்ளி போன்ற குறிக்கான விசையை அழுத்தினால் குறி விழும், காகிதம் நகராது. அடுத்து எழுத்தை அடித்தால் அது அதே இடத்தில் வந்து உட்காரும். பிரெஞ்சுப் பொறியிலும் தொப்பிக்குறிக்கு இதே ஏற்பாடுதான். அங்கே அதற்கு 'தூஷ் மோர்த்', செத்த விசை என்று பெயர். நம் ஆள் 'நகரா' என்று நாகரிகமாகச் சொன்னார்.

விசைப்பலகை தனி உடம்பு எடுத்தது கணினிக் காலத்தில். 1978இல் வந்த டெக் நிறுவனத்தின் விடி100 முனையத்தில், விசைப்பலகை திரையை விட்டு விலகி, சுருள் கம்பி ஒன்றால் மட்டும் இணைந்திருந்தது. அந்தக் கம்பிக்குள் மூன்றே இழைகள். மின்சாரத்துக்கு ஒன்று, அது திரும்பிப் போக ஒன்று, செய்திக்கு ஒன்று. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியிலும் விசைப்பலகை தனியாகவே வந்தது. அதற்குள் சின்னஞ்சிறு மூளை ஒன்றும் இருந்தது. நீங்கள் 'A' விசையை அழுத்தினால் அது 'A' என்ற எழுத்தை அனுப்பாது, "30ஆம் எண் விசை அழுத்தப்பட்டது" என்றுதான் சொல்லும். அந்த 30 என்ன எழுத்து என்று தீர்மானிப்பது கணினி. ஆங்கில அமைப்பு இருந்தால் 'A', பிரெஞ்சு அமைப்பு இருந்தால் 'Q'. விரலுக்கும் எழுத்துக்கும் இருந்த இரும்பு உறவு அன்றோடு அறுந்தது.

அடுத்து கம்பியும் போயிற்று. 1983 நவம்பரில் ஐபிஎம் அறிவித்த பிசி ஜூனியர் என்ற வீட்டுக் கணினியின் விசைப்பலகை, டிவி ரிமோட் போல அகச்சிவப்புக் கதிரில் பேசியது. 4 பென்சில் பேட்டரி போட வேண்டும். குறுக்கே ஏதாவது வந்தால் எழுத்து விழாது. ஒரே வகுப்பறையில் பல கணினிகள் வைத்த இடங்களில் ஒருவர் தட்டியது இன்னொருவர் கணினியையும் குழப்பியது. ரப்பர் துண்டு போன்ற விசைகளும் யாருக்கும் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே நிறுவனம் வேறு விசைப்பலகை செய்து, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. கதிருக்குப் பதில் ரேடியோ அலையில் பேசும் முறை வந்த பிறகுதான் கம்பியில்லா விசைப்பலகை நிலைத்தது.

2010இல் ஐபேட் வந்தபோது விசைப்பலகை கண்ணாடிக்குள்ளேயே போய்விட்டது. ஆனால் கண்ணாடியைத் தட்டிப் பக்கம் பக்கமாக எழுத முடியுமா? வெளியே போனவரைத் திரும்ப அழைத்தார்கள். 2011இல் ஏசஸ் டிரான்ஸ்பார்மர், 2012இல் மைக்ரோசாப்ட் சர்பேஸ் என்று கழற்றி மாட்டும் விசைப்பலகைகள் வந்தன. 2015இல் ஐபேட் புரோவின் விளிம்பில் மூன்று உலோகப் பொட்டுகள் வைத்தார்கள். மின்சாரம், அதன் திரும்பும் வழி, செய்தி. விடி100 கம்பிக்குள் இருந்த அதே மூவர்!

இந்தக் கதையில் இருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். விசைப்பலகை எத்தனை முறை பிரிந்ததோ, அத்தனை இடத்தில் பழுது குடியேற வழி உண்டு. விசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சாவது அபூர்வம். எல்லாம் ஒரேயடியாக ஊமையானால், மூட்டைச் சந்தேகப்படுங்கள், விசையை அல்ல.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர். வயது 78. அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் 'சொல்தா'வாக இந்தோசீனா போனவர். அந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். கை நடுக்கம் இருப்பதால் கண்ணாடியில் தட்ட வராது, விசை வேண்டும். விசைப்பலகை நின்றது. கடையில் பார்த்துவிட்டுப் புதிது வாங்கச் சொன்னார்கள். விலையைக் கேட்டு வீடு திரும்பியவர், சைகோன் துறைமுகத்தில் அப்பாவை இறக்கிவிட்டு, இரண்டு மாதம் ஒரு வரி எழுதவில்லை.

ஒருநாள் நான் போனேன். காந்தம் நன்றாகவே பிடித்திருந்தது. ஆனால் காந்தம் பிடிப்பது வேறு, பொட்டுகள் தொடுவது வேறு. எங்கள் ஊர் கடல் காற்றும் முகப்பவுடரும் சேர்ந்து அந்தப் பொட்டுகளில் மங்கலாகப் படிந்திருந்தன. டேப்லெட்டை அணைத்து, பலகையைக் கழற்றி, இரண்டு பக்கத்தையும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தோம். போகாத இடத்தில், மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி துணியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினோம். உயிர் வந்தது. ஆனால் 'A' தட்டினால் 'Q' விழுந்தது. "என்னப்பா, வெள்ளைக்காரன் திரும்பி வந்துட்டானா?" என்றார். கண்டபடி தட்டியதில் மொழி மாற்றும் கூட்டு விசை பட்டு, அமைப்பு பிரெஞ்சுக்குப் போயிருந்தது. இது பழுதே அல்ல, பழைய 'தக்திலோ'க்களின் சங்கடம்தான். மாற்றித் தமிழ்99க்குக் கொண்டுவந்தோம். தமிழக அரசு 1999இல் ஏற்ற அமைப்பு அது. இடது கையில் உயிரெழுத்து, வலது கையில் மெய்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், இந்த வரிசையில் பாருங்கள். திரையில் தோன்றும் விசைப்பலகையில் எழுத்து விழுகிறதா? விழுந்தால் டேப்லெட் நலம். பலகையைக் கழற்றி, துடைத்து, மாட்டி, டேப்லெட்டை முழுதாக அணைத்துத் திறங்கள். திரையை மட்டும் அணைப்பது போதாது. இடையில் தடித்த உறை இருந்தால் எடுத்துவிடுங்கள். புளூடூத் வகையானால் முதலில் சார்ஜ், பிறகு பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இணைப்பது. விண்டோஸில் வலது ஷிப்ட் விசையை 8 நொடி அழுத்திப் பிடித்திருந்தால் 'பில்டர் கீஸ்' என்ற வசதி விழித்துக்கொள்ளும். சட்டென்று தட்டி எடுப்பதையெல்லாம் அது கண்டுகொள்ளாது. அமைப்புகளில் அதை நிறுத்துங்கள். கடைசியாக, அதே மாதிரி டேப்லெட் வைத்திருப்பவரிடம் பலகையை மாட்டிப் பாருங்கள். அங்கேயும் ஊமை என்றால் மட்டும் பணப்பையைத் திறக்கலாம்.

நண்பரின் அப்பா இப்போது சைகோனில் இருந்து கப்பலேறிவிட்டார். பாண்டிச்சேரிக் கடற்கரை தெரிய இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி.