சம்பூர்: நிலக்கரியும் சூரியனும்

திருகோணமலையின் வரலாற்றைக் கடற்படைகளின் வரலாறாக எழுதுவதே மரபு. அதனை எரிபொருளின் வரலாறாகவும் எழுதலாம். ஓர்ஸ் ஹில்லை அடுத்த உட்டுறைமுகத்தின் மறுபுறம், சீனக்குடாவில், ஆங்கிலேயர் 1930களில் எண்ணெய்த் தாங்கிகளை நிறுவியது தம் கடற்படைக்காகவே. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானத் தாக்குதலில் அவற்றுள் ஒன்று எரிந்தது.

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரின் மக்கள் 2006இல் போரினால் இடம்பெயர்ந்தனர். அவர்கள் ஊர் திரும்புமுன்னரே அங்கு 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் திட்டமிடப்பட்டது. 2011இல் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இதற்கெனக் கூட்டு நிறுவனம் அமைத்தன. எழுபது விழுக்காட்டு ஆற்றலில் இயங்கியிருப்பினும் அந்நிலையம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 இலட்சம் தொன் காபனீரொட்சைட்டை வெளியிட்டிருக்கும். மக்கள் எதிர்ப்பின் பின்னர், உயர் நீதிமன்ற வழக்கொன்றில், 2016 செப்டெம்பரில் அரசு அதனைக் கைவிடுவதாக அறிவித்தது. புதிய நிலக்கரி நிலையங்களை அமைப்பதில்லை என்றும், 2030இல் மின்சாரத்தின் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென்றும் 2021இல் இலங்கை உலகுக்கு உறுதியளித்தது.

2025 ஏப்ரலில் அதே கூட்டு நிறுவனத்தின் 120 மெகாவாற்றுச் சூரியமின் திட்டம் சம்பூரில் தொடக்கிவைக்கப்பட்டது. எரிபொருள் மாறியது, தீர்மானிப்போர் மாறினரா?

வளர்முக நாடொன்றுக்கு நிலக்கரியை மறுத்தல் முதற்படியே. இரவுத் தேவைக்கு மின்சேமிப்பு வேண்டும். காணி கோராத கூரைச் சூரியமின்னுக்கு முன்னுரிமை வேண்டும். அதற்கான தேசியத் திட்டம் 2016இலேயே தொடங்கியது. பெருந்திட்டங்களுக்கு நிலம் தேவைப்படுமிடத்து, அந்நிலத்தவரின் இசைவும் வருவாயிற் பங்கும் சட்டத்தால் உறுதிசெய்யப்படல் வேண்டும். உலகை வெப்பமாக்கியதில் மிகச் சிறு பங்கேயுடைய மக்கள், அதனைத் தணிக்கும் விலையையும் தம் காணியால் செலுத்துதல் நீதியன்று.