மரச்சேவல்

சொற்களுக்கும் வாழ்வும் தாழ்வும் உண்டு. முன்னாளில் நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' என்னும் சொல் இன்று நம்மை மூக்கைப் பொத்தச் செய்கிறதன்றோ? சீன மொழியிலும் இவ்வாறு தாழ்வுற்ற தொடர் ஒன்று உண்டு.

சீனர்கள் 'செங்யூ' என வழங்கும் மரபுத்தொடர்கள் பெரும்பாலும் நான்கே எழுத்துகளால் ஆனவை. அவற்றுள் பலவற்றின் பின்னே பழங்கதை ஒன்று இருக்கும். 'டாய் ருவோ மு ஜி' என்பது நாம் கருதும் தொடர். 'மரச்சேவல் போல் மலைத்து' என்பது அதன் பொருள். அச்சத்தாலோ அதிர்ச்சியாலோ செயலற்று விழித்து நிற்பவனைக் குறிக்க இன்றைய சீனர் இதனை ஆளுகின்றனர். அதில் சற்றே எள்ளலும் கலந்திருக்கும். பெரியோர் ஒருவரின் அமைதியைப் புகழ எண்ணி இத்தொடரைச் சொன்னால் அவர் முகம் சுளிப்பார்.

இதன் ஊற்றுக்கண்ணோ முழுக்க முழுக்கப் புகழுரை! கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் சுவாங்சுவின் பெயரால் வழங்கும் நூலின் 19-ஆம் இயலில் அக்கதை உள்ளது. ஜி ஷிங்சு என்பவன் மன்னனுக்காகப் போர்ச்சேவல் ஒன்றைப் பழக்குகிறான். பத்து நாள் கழித்து, "சேவல் ஆயத்தமா?" என்று மன்னன் கேட்கிறான். இல்லை, வீண் செருக்கோடு திரிகிறது என்கிறான் பழக்குபவன். மேலும் பத்து நாள் செல்கிறது. நிழலுக்கும் ஒலிக்கும் இன்னும் துள்ளுகிறதாம். மூன்றாம் முறை கேட்டபோதும் சினந்து நோக்கும் பார்வை மாறவில்லை என்றே விடை வருகிறது. நாற்பதாம் நாளில்தான் அவன் நிறைவு கொள்கிறான். பிற சேவல்கள் கூவினாலும் அது அசைவதில்லை. பார்த்தால் மரத்தில் செதுக்கியது போலிருக்கிறது. அதன் ஆற்றல் முழுமை பெற்றுவிட்டது. எதிர்க்க வந்த சேவல்கள் அதனைக் கண்டதும் திரும்பி ஓடுகின்றன.

மூலத்தில் 'பார்வைக்கு மரச்சேவல் போன்றது' என்றே உள்ளது. மலைப்பைக் குறிக்கும் 'டாய்' அங்கு இல்லை. பிற்காலத்தார் சேர்த்தது அது. கதையை மறந்தவர்க்கு எஞ்சியது மரக்கட்டை ஒன்றே. கட்டைக்கு உணர்வேது? பொருள் அவ்வழியே சரிந்திருக்கும் என்பது நம் கருத்து. நாமும் 'மரம் போல் நிற்கிறான்' என்று யாரையும் புகழ்வதில்லையே! இன்றைய பொருளோடு அப்பழைய இயலைப் படிப்பவர், நல்லதொரு சேவலைப் பழக்குபவன் கெடுத்துவிட்டான் என்றே எண்ணக் கூடும்.

சீனத்தில் தாழ்ந்த அச்சொல் ஜப்பானில் தன் பழைய மதிப்போடு வாழ்ந்தது. அங்கே 'மொக்கேய்' என்றால் இன்றும் அந்த நிறைவுற்ற சேவல்தான். சுமோ மற்போர் வீரர் ஃபுதபயாமா 1936 முதல் தொடர்ந்து 69 போட்டிகளில் வென்றவர். 1939 ஜனவரியில் அகினோஉமி என்னும் வீரரிடம் வீழ்ந்தார். தாம் மதித்த அறிஞர் யசுவோகா மசாஹிரோவுக்கு அவர் தந்தி அனுப்பினார். தாம் இன்னும் மரச்சேவல் ஆகவில்லை என்பதே அதன் செய்தி. சீனத் தெருவில் இன்று அதனைப் படித்துக் காட்டினால், மலைத்துப் போகாமல் தப்பினேன் என்று வீரர் மகிழ்வதாகவே கேட்போர் கொள்வர்.