காதியாருக்கு ஒரு கட்டடம் வேண்டாமா?



தாய் மட்டும் தனியாக வளர்க்கும் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். கொப்பி எங்கே என்று கேட்டால், "வாப்பாட காசு இன்னும் வரல்ல சேர்" என்பார்கள். அந்தக் காசுக்குக் கட்டளை போடுவது காதி நீதிமன்றம். அதனால் அதன் கதையைக் கொஞ்சம் பேசுவோம்.

1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்தான் நம் நாட்டில் காதிமாரைக் கொண்டுவந்தது. பிறகு வந்தது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். இன்றும் அதுதான் நடைமுறையில் உள்ளது. காதியாரை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. ஆனால் மற்ற நீதிபதிகளுக்குக் கிடைக்கும் கட்டடமோ சம்பளமோ அவருக்கு இல்லை. கையில் வருவது சிறு கொடுப்பனவு. பல ஊர்களில் வழக்கு நடப்பது வீட்டு விறாந்தையில், இல்லாவிட்டால் பாடசாலை மண்டபத்தில். கோவைகள் அலுமாரியில். காதியார் மாறினால் அவையும் இடம் மாறும்.

தகப்பன் தாபரிப்புக் கட்டவில்லை என்றால், காதியார் அதை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அது தண்டப்பணம் போல அறவிடப்படும். கோவை ஒழுங்காக இல்லாவிட்டால் அந்தத் தாய் திரும்பத் திரும்ப பஸ் ஏற வேண்டியதுதான்.

இதைச் சீர்செய்ய 2009இல் நீதியமைச்சு ஒரு குழுவை அமைத்தது. தலைவர் உயர் நீதிமன்ற நீதியரசர் சலீம் மர்சூப். அவர் ஓய்வுபெற்ற பிறகும் குழுவின் வேலையை விடவில்லை. 2018 ஜனவரியில்தான் அறிக்கை கையளிக்கப்பட்டது. உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். திருமண வயது, பெண் காதி போன்ற விடயங்களில் நம் சமூகமும் பிரிந்து நின்று வாதாடியது.

அந்தச் சத்தத்தில் ஒரு விடயம் அமுங்கிப் போனது. சட்டம் படித்தவர்கள் காதியாக வர வேண்டும், அவர்களுக்குத் தகுந்த ஊதியமும் நீதிமன்ற வசதியும் வேண்டும் என்று மர்சூப் தரப்பு கேட்டிருந்தது. காதி அமைப்பைத் தரமுயர்த்த வேண்டும் என்பதை மறுதரப்பும் மறுக்கவில்லை.

ஒத்துப்போன அந்த விடயத்துக்காவது நாம் ஒன்றாகக் குரல் கொடுத்தோமா? இல்லை. 2021இல் காதி முறையையே ஒழிக்கும் பேச்சு அமைச்சரவை வரை போனபோது மட்டும் பதறினோம். பாதுகாக்க வேண்டும் என்று சொல்லும் ஒன்றை இத்தனை காலம் விறாந்தையில் விட்டு வைத்தவர்களில் நாமும் அடக்கம்.

வயது பற்றிய வாதம் தொடரட்டும். அதற்கிடையில் ஓர் அறை, ஓர் எழுதுவினைஞர், பூட்டுள்ள ஓர் அலுமாரி, காதியாருக்கு ஒழுங்கான சம்பளம். இவற்றை நம் பள்ளிவாசல் நிர்வாகங்களும் மக்கள் பிரதிநிதிகளும் சேர்ந்து கேட்கலாமே. இதில் யாருக்கு ஆட்சேபணை?

அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்குத் திரையில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தத் தாய்மாரின் துஆ நமக்கு எதிராக இருந்துவிடக் கூடாது.